எந்தப் பக்கத்து ஜன்னல்?
பள்ளிப் பிள்ளைகளை விமானத்தில் அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ஆசிரியர் பெருமக்களுக்கு,



சொந்தக் காசைப் போட்டும், ஊர்ப் பெரியவர்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்டுத் திரட்டியும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விமானத்தில் சென்னைக்கு அழைத்துப் போகிறவர்கள் நீங்கள். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால், நன்றாகப் படித்தால், ஆண்டு முடிவில் விமானப் பயணம் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறீர்கள். போகும்போது விமானம், திரும்பும்போது ரயில். மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. விமானப் படிக்கட்டுக்கு முன்னால் சீருடையில் வரிசையாக நிற்கிற பிள்ளைகள், ஓரத்தில் நீங்கள். உங்களை நினைத்துப் பெருமைப்படுகிற ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியன் நான். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றைக் கேட்கத் தோன்றும். இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஜன்னல் கிடைத்தது? கிடைத்தவர்களுக்கு எந்தப் பக்கத்து ஜன்னல்?

விமான நிலையக் கவுண்டரில் கொடுக்கிற இடத்தை வாங்கிக்கொண்டு ஏறுவதுதான் பொதுவாக நடக்கிறது. கணினி எங்கே தள்ளுகிறதோ அங்கே உட்காருகிறோம். பாதிப் பிள்ளைகளுக்கு நடு இருக்கை. ஜன்னல் கிடைத்தவர்களில் சிலர் இறக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். இன்னும் சிலருக்கு நல்ல ஜன்னல் கிடைத்தும், பார்க்க வேண்டியதெல்லாம் மறுபக்கத்தில் போய்விடுகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இத்தனை பாடுபட்டு வாங்கிக் கொடுத்த அந்த ஒரு மணி நேரத்தை இப்படி விட்டுவிடக் கூடாது என்று சொல்லவே இந்த மடல். பல பிள்ளைகளுக்கு அது பல ஆண்டுகளுக்கு மீண்டும் வாய்க்காத ஒரு மணி நேரம்.

விமானத்தில் பிள்ளைகள் காண வேண்டிய பெரிய காட்சி விமானம் அல்ல, நிலம். ஆறாம் வகுப்பிலிருந்து நாம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய ஆறுகளும் மலைகளும் ஏரிகளும் நிஜமாகவே அந்த வடிவத்தில், அந்த இடத்தில் இருக்கின்றன என்பதைக் கண்ணால் காண்பது. அது நடக்க வேண்டுமானால் பக்கத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. வகுப்பறைச் சுவரில் தொங்கும் தமிழ்நாடு வரைபடத்தை இறக்கி மேசைமேல் விரியுங்கள். புறப்படும் ஊருக்கும் சென்னைக்கும் இடையே அடிக்கோலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்புறம் என்னென்ன இருக்கின்றன, வலப்புறம் என்னென்ன என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். விமானம் அந்தக் கோட்டின் மேலேயே இம்மி பிசகாமல் போகாது. காற்றுக்கும் மேகத்துக்கும் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவுக்கும் ஏற்ப ஒதுங்கிப் போகும். ஆனாலும் பக்கத்தைத் தீர்மானிக்க அந்தக் கோடு போதும். 9 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். தூசும் ஈரமும் அவ்வளவு தூரத்துக்குப் பார்க்க விடமாட்டா. இருந்தும் தெளிவான நாளில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையையும் அணையையும் அடையாளம் காணலாம்.

கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு இடப்பக்கம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த விமானம் கிழக்கு வடகிழக்காகப் போகிறது. வடக்கே இருப்பதெல்லாம் இடப்பக்க ஜன்னலுக்கு வரும். புறப்பட்டதும் நீலகிரி ஒரு சுவர் மாதிரி இடப்பக்கம் பின்னால் எழுந்து நிற்கும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா அதில்தான் இருக்கிறது. மலையடிவாரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம். பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் மேட்டூர். 1934-இல் கட்டி முடித்த அணை. "மேட்டூர் அணையின் நீர்மட்டம்" என்று ஒவ்வொரு ஆடியிலும் செய்தியில் கேட்டு வளரும் பிள்ளைகள் நம்முடையவர்கள். 120 அடி என்பது அவர்களுக்கு ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் மலை இடுக்குகளுக்குள் விரல் விரலாகப் புகுந்து கிடக்கும் அத்தனை நீரையும் ஒரே பார்வையில் காட்ட விமான ஜன்னலால் முடியும். தண்ணீர் ஏன் கிளை கிளையாகப் பரவியிருக்கிறது என்று யாராவது கேட்டால், ஆறு மட்டுமல்லாமல் அதில் வந்து சேரும் ஓடைகளின் பள்ளங்களும் சேர்ந்து மூழ்கியிருக்கின்றன என்று சொல்லலாம். அதைக் கரும்பலகையில் வரைந்து புரியவைக்க எனக்கு ஒரு பாடவேளை முழுதும் தேவைப்பட்டது.

மேட்டூருக்குப் பிறகு சேர்வராயன் மலை ஏறக்குறைய நேர் கீழே வரும். அதைத் தாண்டியதும் ஜவ்வாது மலை, மறுபடியும் இடப்பக்கம். அங்கிருந்து நிலம் தட்டையாகி ஏரிகள் தொடங்கும்.

இந்த வழியில் வெளிச்சமும் இடப்பக்கத்துக்கே சாதகம். காலை விமானமானால் சூரியன் வலப்பக்கம் முன்னால் இருக்கும். இடப்பக்கத்தில் இருப்பவர்கள் கண்கூசாமல் வெயில் விழுந்த மலையைப் பார்க்கலாம். அரையாண்டு விடுமுறையை ஒட்டிய டிசம்பர், ஜனவரியில் நண்பகல் சூரியனும் நமக்குத் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே கணக்குதான். சூரியன் இருக்கும் பக்கத்து ஜன்னலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பலர் கை பட்டு உள்கண்ணாடியில் விழுந்திருக்கும் கீறல்கள் நேர்வெயிலில் ஒளிர்ந்து, வெளியே இருப்பதை மறைத்துவிடும். ஆகவே வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தை எடுங்கள்.

தெற்கேயிருந்து வருகிறவர்களுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி, மதுரை, திருச்சி மூன்றிலிருந்தும் சென்னைக்குப் போகும் விமானங்கள் வடகிழக்காகப் போகின்றன. கடலும் கடலோரமும் வலப்பக்கம். ஆனால் காலைச் சூரியனும் வலப்பக்கம்தான். காட்சிக்காக வலப்பக்கம் உட்காருவதா, வெளிச்சத்துக்காக இடப்பக்கம் உட்காருவதா? ஊருக்கு ஊர் என் பதில் மாறும்.

தூத்துக்குடிப் பிள்ளைகளைக் காலையானாலும் மாலையானாலும் வலப்பக்கம் உட்கார வையுங்கள். விமானம் மேலே எழும்பும்போதே உப்பளங்கள் தெரியும். வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாகக் கட்டம் கட்டமாக. அந்தப் பாத்திகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். தங்கள் அம்மா அப்பாவின் உழைப்பு எவ்வளவு பெரிய பரப்பில் விரிந்து கிடக்கிறது என்பதை அவர்கள் பார்க்கட்டும். அப்புறம் மன்னார் வளைகுடாவின் கரை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் இருக்கின்றன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. தீவுகளைச் சுற்றி நீர் நிறம் மாறியிருப்பதைக் கவனித்தால் ஆழம் குறைந்த இடங்களைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு கமுதி. 2016-இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரியமின் நிலையம் அங்கே தரையில் கருநீலமாகப் படிந்திருக்கும். விமானத்தின் தடத்துக்கு மிக அருகில் இருப்பதால், சற்றுக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வழியில் நான் மிகவும் மதிப்பது இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை. இங்கே கண்கூசும் காலை வெயிலே நமக்கு உதவிக்கு வருகிறது. சூரியன் இருக்கும் பக்கம் உட்கார்ந்து கீழே பார்த்தால், ஒவ்வொரு நீர்நிலையும் விமானம் கடக்கும் நேரத்தில் சரியான கோணம் வாய்த்து ஒரு கணம் தகதகவென்று மின்னி அணையும். ஒன்று அணைய அடுத்தது. நிழல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சிறிய ஊருணியும் குட்டையும் மண்ணின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். வெயில் பக்கத்தில் எத்தனை சிறியதும் தப்பாது. மழை பெய்து முடிந்த தை மாதக் காலையில் இதைப் பார்த்த பிள்ளை, வறண்ட சீமை என்று பேர் எடுத்த மண்ணில் நம் முன்னோர் எத்தனை இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளும். அதற்கு உங்கள் பேச்சே தேவைப்படாது.

ஏரியை மேலிருந்து படிக்கவும் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டின் கிழக்குப் பாதி கடலை நோக்கிச் சரிகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில்தான் கரை போடுவார்கள். அதனால் பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்கே பிறை போல வளைந்து தெளிவான கோடாக இருக்கும். மேற்கு விளிம்பு ஒழுங்கில்லாமல், நீர் ஏறி இறங்குவதற்கு ஏற்பக் கலங்கலாக இருக்கும். கரைக்குக் கீழே பச்சை, அதுதான் ஆயக்கட்டு. ஓர் ஏரி நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும் வாய்க்காலையும் சில இடங்களில் பின்தொடரலாம். இவ்வளவு தெரிந்துவிட்டால் பிள்ளைகள் ஜன்னலில் முகம் வைத்து, திசைகாட்டி இல்லாமலே கிழக்கைச் சொல்வார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிகள் நெருங்கி வரும்போது அதைச் சோதித்துப் பாருங்கள்.

மதுரை, திருச்சிப் பிள்ளைகளுக்கு நேரத்தைப் பொறுத்து முடிவு செய்யலாம். மாலை விமானமானால் தயங்காமல் வலப்பக்கம். சூரியன் மேற்கே, இடப்பக்கம் போயிருக்கும். கிழக்கே நிலம் முழுவதும் வெயிலில் குளித்துக் கிடக்கும். கல்லணை, அங்கிருந்து விசிறியாகப் பிரியும் காவிரியின் கிளைகள், அப்புறம் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் படிப்படியான வெட்டு தரையில் அவ்வளவு பெரிய காயமாகத் தெரியும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நம் வீட்டில் எரியும் விளக்குக்கும் அந்தப் பள்ளத்துக்கும் உள்ள தொடர்பை அங்கே வைத்துச் சொல்லுங்கள். வீராணம் ஏரியும் அந்தப் பக்கத்தில்தான், நீண்டு ஒடுங்கி. அதன் நீர் சென்னைக்குப் போகிறது. பிள்ளைகளும் அன்று சென்னைக்குத்தான் போகிறார்கள்.

காலை விமானமானால் இடப்பக்கத்தை எடுத்தாலும் நட்டமில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதை வரைபடத்தில் பார்த்தால் ஏதோ சொல்லுக்குச் சொல்வதாகத் தோன்றும். மேலிருந்து பார்த்தால் ஆறு இரண்டாகி ஊரைச் சுற்றிக்கொண்டு போவதும், நடுவில் கோயிலின் மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதும் கண்ணெதிரே நிற்கும். அதற்கப்பால் பச்சைமலை, தெளிவான நாளானால் கொல்லிமலை, பிறகு கல்வராயன் மலை. திருச்சியில் எழும்பும் விமானம் சென்னைப் பக்கம் திரும்புவதற்காக ஒரு புறம் சாயும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலைக்கோட்டையும் ஆறும் முழுதாகக் கிடைக்கும். அது அன்றைய காற்றைப் பொறுத்தது. நம் கையில் இல்லை.

காற்றைப் பற்றிச் சொன்னதால் சென்னையில் இறங்குவதையும் சொல்லிவிடுகிறேன். விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காக அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானம் பெரும்பாலும் கடலுக்கு மேலே போய்த் திரும்பி, அடையாறு முகத்துவாரத்தின் பக்கமாக நகருக்குள் இறங்கும். அப்போது வலப்பக்க ஜன்னலில் மெரினா. கலங்கரை விளக்கமும், மணற்பரப்பும், தொலைவில் துறைமுகமும் ஒரே நேர்கோட்டில் வரும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து நேரே இறங்கும். அப்போது இடப்பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் அது நிறைந்திருந்தால் சென்னை ஏன் அந்த ஏரியைப் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் அஞ்சுகிறது என்பதையும் பிள்ளைகளிடம் பேசலாம்.

இனி இறக்கை. ஜெட் விமானங்களில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. நம் ஊர்களுக்கு வரும் ஏர்பஸ் 320 வகையில் ஏறத்தாழ பத்தாம் வரிசையிலிருந்து இருபதாம் வரிசை வரை கீழே பார்த்தால் இறக்கைதான். அந்த இடங்களைத் தவிர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்வரிசைகள் மிக நல்லவை. ஆனால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கடைசி ஏழெட்டு வரிசைகளுக்குப் பெரும்பாலும் போட்டியில்லை. எஞ்சினிலிருந்து வெளிப்படும் சூடான காற்றால் அங்கே முன்பக்கக் காட்சி சற்று நெளிந்து தெரியும். நேர் பக்கத்திலும் பின்பக்கத்திலும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பிள்ளைக் கூட்டத்துக்கு அதுவே போதும். இடப்பக்க ஜன்னல் இருக்கை ஏ, வலப்பக்கத்தது எஃப். போயிங் 737 ஆக இருந்தால் இறக்கைக்குச் சற்று முன்னால் ஓர் இருக்கையில் ஜன்னலே இருக்காது. குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் போகிறது. ஜன்னலோரம் என்று பேர் மட்டும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு அந்த இடம் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசர வழி வரிசையில் பிள்ளைகளை அமர்த்த மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது ஏடிஆர் விமானத்தை. சுழலும் விசிறியோடு கூடிய சின்ன விமானம். 70, 78 பேர் போகலாம். சென்னையிலிருந்து சிறு நகரங்களுக்குப் பறப்பதில் பல இந்த வகைதான். சின்ன விமானம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. இதன் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கீழே நிலம் மறையாது. ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் ஊர், தெரு, தேர் நிற்கும் கோயில் வாசல் வரை அடையாளம் தெரியும். வேகமும் குறைவு என்பதால் பார்த்து முடிப்பதற்குள் காட்சி ஓடிவிடாது. வரிசைக்கு நான்கே இருக்கைகள், இரண்டு இரண்டாக. அதாவது பாதிப் பேருக்கு ஜன்னல். ஜெட்டில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஜன்னல். எழும்பியதும் சக்கரம் மடங்கி உள்ளே போவதையும், இறங்கும் முன் அது மறுபடி வெளியே வருவதையும் நடு வரிசைப் பிள்ளைகள் நேரடியாகப் பார்க்கலாம். விசிறியின் இரைச்சல் முன்வரிசைகளில் அதிகம், பின்வரிசையில் உட்காருங்கள். ஒரே நாளில் இரண்டு வகை விமானமும் இருந்தால், கட்டணம் சிறிது கூடினாலும் ஏடிஆரைத் தேர்ந்தெடுங்கள்.

ஜன்னல் கிடைக்காத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். இருக்கைப் பட்டை விளக்கு அணைந்திருக்கும் நேரம் இந்தக் குறுகிய பயணங்களில் அரை மணிதான். அதற்குள் மாற்ற வேண்டும். எழும்பும்போது ஒருவர், இறங்கும்போது இன்னொருவர் என்பது நியாயமான பங்கீடு. இரண்டும் சமமான செல்வம். ஜன்னலில் இருக்கும் பிள்ளை தான் பார்ப்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் கையில் பென்சில் கோடு போட்ட வரைபடமும் கடிகாரமும் இருக்கட்டும். ஜெட் விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் போகும், ஏடிஆர் ஏறத்தாழ 8. எத்தனையாவது நிமிடத்தில் எந்த ஆறு வரும் என்று முந்தைய நாளே கணக்குப் போட்டு வைத்துவிட்டால், ஜன்னலில் இருப்பவர் ஆறு என்று சொல்லும் நேரமும் வரைபடம் வைத்திருப்பவர் பேர் சொல்லும் நேரமும் ஒன்றாகும். அதில் கிடைக்கும் மகிழ்ச்சியை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தாலும் ஜன்னலருகே இடங்காட்டி பெரும்பாலும் வேலை செய்யும். உங்கள் கையில் மட்டும் அது இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் காகித வரைபடமே நல்லது.

ஆறுகளில் நீரை மட்டும் தேடச் சொல்லாதீர்கள். பாலாறு பெரும்பாலான மாதங்களில் அகன்ற மணல் பட்டைதான். அதையும் ஆறு என்று அறிய வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் உடன் வந்தால் அவருக்கும் வேலை இருக்கிறது. விமான ஜன்னல் ஏன் முனை மழுங்கி வட்டமாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1954-இல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்து விழுந்தன. உள்ளே அழுத்தம் கூடுவதும் குறைவதுமாக மீண்டும் மீண்டும் நடந்ததில், உடற்பகுதியில் வெட்டிய திறப்புகளின் முனைகளில் உலோகம் களைத்து விரிசல் விட்டது என்று ஆய்ந்து கண்டார்கள். அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும் என்பதால்தான் இந்த வட்டம். ஜன்னலின் அடியில் ஊசித் துளை மாதிரி ஒன்று இருக்கும். அது பழுது அல்ல. கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தைச் சமன்செய்யவும் பனி படியாமல் தடுக்கவும் வைத்த துளை. பயப்படுகிற பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவிட்டால் பயம் போய்விடும்.

நிழல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. கீழே மேகம் விரிந்திருந்தால் அதன்மேல் விமானத்தின் நிழல் விழும். அந்த நிழலைச் சுற்றி வானவில் நிறங்களில் ஒரு சிறு வளையம் தோன்றும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, எதிரே மேகத்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. வளையத்தின் மையம் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர் எதிரே அமையும். ஆதலால் பத்தாம் வரிசைப் பிள்ளைக்கும் இருபதாம் வரிசைப் பிள்ளைக்கும் அது விமான நிழலின் வெவ்வேறு இடத்தை மையமாகக் கொண்டு தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி வளையம். சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதுபோன்ற ஒளி வளையங்களைக் கண்டு வியந்து, அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார். அந்த முயற்சி மேக அறை என்ற கருவியில் முடிந்து, 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேகம் மறைத்துவிட்டதே என்று பிள்ளைகள் ஏங்கும் நேரத்தில் சொல்ல நல்ல செய்தி.

படம் எடுக்க ஆசைப்படுவீர்கள். எடுங்கள், விமானப் பணியாளர் வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். லே, புனே, பாக்டோக்ரா போலப் படைத்துறை வசம் உள்ள தளங்களில் படமெடுக்கத் தடை உண்டு. ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் அவர்களைத் திரும்பச் சொல்லிப் படம் எடுக்காதீர்கள். செய்தித்தாளுக்குப் படிக்கட்டுப் படம் போதும்.

உங்களில் சிலர் இன்னும் தொலைவுக்கு அழைத்துப் போகிறீர்கள். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குக் காலை விமானமானால் இடப்பக்கம். கோதாவரி, மகாநதிப் படுகைகளும் சிலிகா ஏரியும் முழு வெளிச்சத்தில் வரும். தில்லியிலிருந்து பாக்டோக்ராவுக்கோ குவாஹாத்திக்கோ போனாலும் இடப்பக்கம்தான். அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்தாற்போல் இருக்கும்போது 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா வரை இமயம் தொடர்ந்து வரும். திரும்பும்போது எல்லா இடத்திலும் பக்கம் மாறும். இமயம் பெரிய காட்சி, மறுக்கவில்லை. ஆனால் முதல் பயணத்துக்கு நான் அதைவிடப் பிள்ளையின் சொந்த மாவட்டத்தையே முன்னிறுத்துவேன். அறியாத மலையைப் பார்ப்பதைவிட, அறிந்த ஏரியை அறியாத கோணத்தில் பார்ப்பது பத்து வயதுப் பிள்ளைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

செலவைப் பற்றி நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். முப்பது பிள்ளைகளுக்கு அது சிறிய தொகையல்ல. குழுவாகப் பதிவு செய்யும்போது விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள், முதல் பயணம், இந்தப் பக்கம், இறக்கைக்குப் பின்னால் தொடர் வரிசைகள் வேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள். எழுதிக் கேட்டால் சலுகை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் நன்கொடை கேட்கும்போதே அந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். சென்னையில் ஒரு வேளைச் சாப்பாட்டை எளிதாக்கிக்கொண்டாவது ஜன்னலுக்குப் பணம் ஒதுக்கலாம் என்பதே என் கருத்து. பிள்ளைகளைக் கேட்டால் அவர்களும் அதையே சொல்வார்கள்.

பயணம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும், எந்த நாள், எத்தனை மணி விமானம், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடத்தில் என்ன தெரிந்தது என்பதைப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அதைப் பள்ளி அலமாரியில் வைத்துவிடாமல், அடுத்த ஆண்டு பிள்ளைகளை அழைத்துப் போகவிருக்கும் பக்கத்து ஊர் ஆசிரியரிடம் கொடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியன்